அம்மாவின் நாடியும் சிறுநீரகத்து நரம்பும்

தலவாக்கலை மகன்:
பிரெஷர்காரர்களுக்கு நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகப் போன அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் அம்மாவுக்கு வந்தது. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். பேர் வெட்டி, அதாவது தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இரண்டு வருடம் இருக்கும், ஒரு விடியற்காலை தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தவர் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சுக்குள்ள கோழி செட்டை அடிக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா மணிக்கட்டைப் பிடித்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணினார். "ஓட்டம் சீரா இல்ல, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். ஈசிஜி எடுத்ததும் ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்குமாம். அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்க அடிக்கடி பஸ் ஏறுகிறோம். அந்தப் பஸ் கதை தனி.

மூன்று வகைக் குளிசை போட்டும் பிரெஷர் இறங்கவில்லை. ஏன் என்று கண்டியில் ஒரு டொக்டரிடம் கேட்டேன். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் சிறுநீரகத்தை வரைந்தார். அதற்குப் போகும் இரத்தக் குழாயைச் சுற்றி வலை மாதிரி கோடு கோடாக இழுத்தார். அவை நரம்புகள், போக்கும் உண்டு, வரத்தும் உண்டு என்றார். மூளையிலிருந்து வருபவை உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும், ரெனின் என்ற பொருளைச் சுரக்க வைக்கும். அதன் விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் இரத்தக் குழாய்களை இறுக்கும். நாளடைவில் இதய மேலறைச் சுவரில் நார் படியவும் அது காரணமாகும். திரும்பிப் போகிற நரம்புகள் சிறுநீரகத்தின் சங்கடத்தை மூளைக்குச் சொல்லும். அந்தச் செய்தி ஓயாமல் போனால் மூளை, உடம்பைப் பரபரப்பாக்கும் சிம்பதெடிக் நரம்புகளை முடுக்கிவிடும், அந்த முடுக்கம் இதயத்துக்கும் போய்ச் சேரும். "அம்மாவுக்கு சிறுநீரகம் நல்லாத்தானே இருக்கு டொக்டர்?" என்றேன். "நல்லா இருந்தாலும் அந்த நரம்பு சும்மா இருக்கணுமே" என்றார்.

ஹட்டன் மிஸ்ஸி:
அந்த டொக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் தாதியாக இருக்கும் வார்டுக்கு ஒரு ஐயா வந்தார், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய செய்தியைப் போனில் காட்டினார். "மிஸ்ஸி, அந்த நரம்பைச் சுட்டுட்டா குளிசையே வேணாமாம்!" பாவம், அவ்வளவு நம்பிக்கை.

தொடை இரத்தக் குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு, சிறுநீரகத்து இரத்தக் குழாயின் உட்புறமிருந்தே அந்த நரம்புகளைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்வது உண்மைதான். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 302 பேர், எல்லாருக்கும் பிரெஷரும் வந்து வந்து போகும் பிப்ரிலேஷனும். அத்தனை பேருக்கும் இதயத்தில் வழக்கமான அப்லேஷன், அதாவது கோளாறைத் தூண்டும் இடத்தைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை, செய்தார்கள், பாதிப் பேருக்குச் சிறுநீரக நரம்பிலும் செய்தார்கள். 12 மாதம் கழித்து இரண்டும் செய்தவர்களில் 72.1 சதவீதம் பேருக்குத் துடிப்புக் கோளாறு திரும்பவில்லை, இதயத்தில் மட்டும் செய்தவர்களில் 56.5 சதவீதம். நல்ல வித்தியாசம். ஆனால் மற்றப் பாதிக்குப் பொய்ச் சிகிச்சை, அதாவது நரம்பைத் தொடாமல் செய்வது போல் மட்டும் காட்டுவது, செய்து ஒப்பிடவில்லை. 2014இல் பிரெஷருக்கான இந்த நரம்புச் சிகிச்சையை 535 பேரிடம் அப்படி ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் நான் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிற கட்சி. பிறகு கருவிகள் மேம்பட்டு, 2023இல் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் பிரெஷருக்குத்தான், துடிப்புக் கோளாறுக்கு அல்ல.

அந்த ஐயாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "வார்ஃபரினை மட்டும் நீங்களா நிப்பாட்டிடாதீங்க" என்று மூன்று தடவை சொன்னேன்.

தலவாக்கலை மகன்:
நன்றி மிஸ்ஸி. அம்மாவுக்கும் அந்தச் சிகிச்சை எதுவும் செய்யவில்லை. டொக்டர் குளிசையை மாற்றினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். மேல் பிரெஷர் இப்போது 130 பக்கம் வந்திருக்கிறது. துடிப்பு இன்னும் இடறுகிறது, ஆனால் முன்போல ஓடவில்லை. உப்பு விஷயத்தில்தான் தினமும் சண்டை. கருவாட்டுப் பொட்டலத்தை லயத்தில் எந்த வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறார் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.