ஐஸ் ஹாக்கி கோலி ஸ்கேட்டுக்கு எந்த ஹாலோ? இடப்பக்கம் தள்ளினா வழுக்குது (அவசரம்)

#1 பேட்_கழற்றாதவன்
வணக்கம். கோலி ஸ்கேட்டுக்கு எந்த ஹாலோ (பிளேடோட அடியில சாணை பிடிக்கிற பள்ளத்தோட வட்ட ஆரம், அங்குலத்துல; எண் சின்னதானா பள்ளம் ஆழம்) நல்லது? கடைசியா சாணை பிடிச்சதுல இருந்து இடப்பக்கம் தள்ளும்போது கால் வழுக்கிட்டுப் போகுது. 3/8 போட்டுடலாமான்னு பார்க்கிறேன். சனிக்கிழமை மேட்ச். சீக்கிரம் யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

#2 உள்_ஓரம்
இதை மட்டும் வெச்சு என்ன சொல்றது? பிளேடு 3 மி.மீ.யா 4 மி.மீ.யா? இப்போ இருக்கிற ஹாலோ என்ன? உங்க எடை? நின்னபடி டி-புஷ் (ஒரு காலைப் போற பக்கம் திருப்பி மறு காலால தள்ளுறது) பண்ணும்போது வழுக்குதா, முட்டி போட்ட நிலையில இருந்து தள்ளும்போதா? வலப்பக்கம் போகும்போது எப்படி இருக்கு?

#3 கம்பத்துக்காரன்
ஹாலோவை மாத்துறதுக்கு முன்னாடி ஓரத்துல பல் விழுந்திருக்கான்னு பாருங்க ப்ரோ. ரிவர்ஸ் வி.எச். (முட்டி போட்டு கோல் கம்பத்தை ஒட்டி அடைக்கிற நிலை) போடுறவங்களுக்கு இது சகஜம். கம்பத்தை ஒட்டின காலோட பிளேடு நேரா இரும்புல போய் மோதும். நகத்தை ஓரம் நெடுக லேசா ஓட்டுங்க, பல் இருக்கிற இடத்துல தட்டும். பிளேடோட நடுப்பகுதியில, தள்ளும்போது எடை விழுற இடத்துல, ஒரே ஒரு பெரிய பல் இருந்தாலும் போதும், பிடி விட்டுடும்.

#4 சாணைமுனி
முதலில் ஒன்று: கோலி என்பது சிறுவர்கள் குண்டாக உருட்டுவது. நீங்கள் கேட்பது கோல்கீப்பர் ஸ்கேட். இரண்டாவது: தலைப்பில் "அவசரம்" என்று போட்டால் அடிப்படை மாறிவிடாது. கோல்கீப்பருக்கு 1 அங்குலம், மிஞ்சிப் போனால் 3/4. அதற்குக் கீழே இறங்கினால் பக்கவாட்டில் நகரும்போது ஓரம் ஐஸில் மாட்டி இடுப்பும் முட்டியும்தான் கெடும். 1/2, 3/8 எல்லாம் முன்கள ஆட்டக்காரர்கள் சமாசாரம். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல்.

#5 பட்டாம்பூச்சி_60
சாணைமுனி ஐயா, நீங்க சொல்றது நின்னுக்கிட்டே பக்கை (ஐஸ்ல ஓடுற ரப்பர் வட்டை) மறிச்ச காலத்துக் கணக்கு. கால்களை ஐஸ்ல இருந்து எடுக்காம தேய்ச்சுத் தேய்ச்சு நகர்ந்தவங்களுக்கு ஓரம் மழுங்கி இருந்தாத்தான் வசதி. இன்னைக்கு முட்டி போட்ட நிலையில ஒரு காலை மட்டும் தூக்கி ஊன்றி, அந்த ஒரு உள் ஓரத்தை நம்பி உடம்பு மொத்தத்தையும் எதிர்ப்பக்கம் தள்ளணும். அங்க பிடி இல்லேன்னா தள்ளலே இல்ல. 5/8, 1/2, ஏன் 3/8 கூட கோலிங்க சர்வசாதாரணமா போடுறாங்க. ஆமா, கோலிதான். எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்.

#6 சாணைமுனி
பட்டர்ஃபிளை (முட்டி போட்டு மறிக்கும் பாணி) நேற்று முளைத்ததா? கோல்கீப்பர் கிளென் ஹால் 1950-களிலேயே முட்டியை விரித்து ஆடியவர்.

#7 பட்டாம்பூச்சி_60
அவர் ஆடினார், சரி. ஆனா எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினது கோலி பாட்ரிக் ருவாவுக்குப் பிறகு, 1986-ல மாண்ட்ரியால் ஸ்டான்லி கோப்பை ஜெயிச்சதுக்கு அப்புறம்தான். அதுவும் போக, முட்டி போட்டு மறிக்கிறது வேற, முட்டியில இருந்தபடியே தள்ளி நகர்றது வேற. ஓரம் வேலை செய்யிறது ரெண்டாவதுலதான்.

#8 உள்_ஓரம்
கேட்டவர் எங்கப்பா?

#9 பேட்_கழற்றாதவன்
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். 4 மி.மீ. பிளேடு, 1/2. எப்பவும் 1/2 தான் போடுறது, இதுவரைக்கும் பிரச்சினை வந்ததில்ல. இப்போ வலப்பக்கம் போறப்போ நேர்மாறு, கால் மாட்டுது. பல் எதுவும் இல்ல, பார்த்துட்டேன்.

#10 ஐஸ்_மட்டம்
கோலி கவுலிங் (ஷூவைச் சுத்தி வர்ற பிளாஸ்டிக் கவசம்) வெச்ச ஸ்கேட்டா? அப்படின்னா ஓரத்தைக் குறை சொல்லாதீங்க. சாணை பிடிச்சுப் பிடிச்சு பிளேடோட உயரம் குறைஞ்சிருக்கும். காலைச் சாய்ச்சுத் தள்ளும்போது ஓரம் ஐஸ்ல முழுசா இறங்குறதுக்கு முன்னாடியே கவுலிங்கோட பக்கம் ஐஸ்ல பட்டு, பிளேடைத் தூக்கிவிட்டுடும். கத்தி மாதிரி தீட்டினாலும் வழுக்கும். கவுலிங்கோட உள்பக்கக் கீழ்விளிம்புல புதுத் தேய்மானம், வெள்ளைக் கீறல் இருக்கான்னு பாருங்க. இருந்தா புது உயரமான ஸ்டீல், அதாவது பிளேடுதான் மருந்து.

#11 உள்_ஓரம்
அது உண்மையான பிரச்சினைதான், ஆனா அது கொஞ்சம் கொஞ்சமா மாசக்கணக்குல வரும். இவருக்கு ஒரே சாணையில வந்திருக்கு. அதோட ஒரு பக்கம் வழுக்கல், மறுபக்கம் மாட்டல். கவுலிங் பட்டா மாட்டாது.

இன்னொண்ணு, 4 மி.மீ.ல 1/2 அப்படிங்கிறது 3 மி.மீ. பிளேடுல 1/2 மாதிரி இல்ல. அகலமான பிளேடுல அதே வட்டம் இன்னும் ஆழமா இறங்கும். 3 மி.மீ.ல பள்ளத்தோட ஆழம் சுமார் 0.09 மி.மீ., 4 மி.மீ.ல 0.16. கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் மடங்கு. ஆட்டக்காரங்க பிளேடுல 1/2 தர்ற ஆழத்தை 4 மி.மீ.ல வாங்க 7/8 போட்டாலே போதும். 3/8 போட்டா 0.21 மி.மீ. ஆழம். வலப்பக்கம் இன்னும் மோசமா மாட்டும்.

#12 ஐஸ்_மட்டம்
ஆழத்தை வெச்சு ஒப்பிடுறது தப்பு. ஐஸைப் பிடிக்கிறது ஓரத்தோட கோணம். 3 மி.மீ., 1/2-ல ஓரத்துல சரிவு 6.8 பாகை. 4 மி.மீ.ல அதுக்குக் கிட்ட வர்றது 5/8, அதாவது 7.2 பாகை. உங்க 7/8-ல 5.2 பாகைதான் வரும், அதுல முட்டியில இருந்து தள்ளிப் பாருங்க.

#13 உள்_ஓரம்
ஐஸ்ல எவ்வளவு தூரம் இறங்குதுங்கிறதைத் தீர்மானிக்கிறது ஆழம். கோணம் எவ்வளவு கூர்மையா இருந்தாலும் பள்ளத்தோட அடி ஐஸ்ல உட்கார்ந்துட்டா அதுக்கு மேல இறங்க இடமில்ல.

#14 ஐஸ்_மட்டம்
தள்ளும்போது பிளேடு சாய்ஞ்சிருக்கு சார், பள்ளத்தோட அடி ஐஸ்ல எங்க உட்காரும்? அது நேரா வழுக்கிட்டுப் போகும்போது நடக்கிற கதை.

#15 பட்டாம்பூச்சி_60
ரெண்டு பேரும் தனி இழை ஆரம்பிங்க. எஃப்.பி.வி. (அடி தட்டையா இருக்கிற பள்ளம்) பத்தி யாரும் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி.

#16 கம்பத்துக்காரன்
எஃப்.பி.வி. நடுவுல தட்டையா இருக்கிறதால வழுக்கலும் கிடைக்கும் பிடியும் கிடைக்கும்...

#17 பட்டாம்பூச்சி_60
😑

#18 வைரமுனை
பேட்_கழற்றாதவன், ரெண்டே கேள்வி. ஒண்ணு, போன தடவை சாணை பிடிச்ச மிஷின் வழக்கமான மிஷின்தானா? ரெண்டு, அதுல வழக்கமா ஆட்டக்காரங்களோட 3 மி.மீ. பிளேடு ஓடுதா?

ஏன் கேட்கிறேன்னா, இடப்பக்கம் போகத் தள்ளுறது வலது கால். வலப்பக்கம் போகத் தள்ளுறது இடது கால். உங்களுக்கு வலது கால் உள் ஓரம் பிடிக்கல, இடது கால் உள் ஓரம் அதிகமாப் பிடிக்குது. ஹாலோ தப்புன்னா ரெண்டு காலும் ஒரே மாதிரி கெடணும்.

#19 பேட்_கழற்றாதவன்
ஆமா, க்ளப்ல புது மிஷின். எல்லாம் ஆட்டக்காரங்க ஸ்கேட்தான் ஓடும். இது முக்கியம்னு நினைக்கல.

#20 வைரமுனை
அதான் விஷயம். ஜிக் (சாணை பிடிக்கும்போது ஸ்கேட்டைப் பிடிச்சுக்கிற சட்டம்) பிளேடை ஒரு பக்கத்துல அண்டக்கொடுத்துப் பிடிக்கிற வகையா இருந்து, அதை 3 மி.மீ.க்கு நடு வெச்சிருந்தா, 4 மி.மீ. பிளேடு மாட்டும்போது நடு அரை மி.மீ. தள்ளிப் போயிடும். படுத்திருக்கிற கல்லுல ரெண்டு ஸ்கேட்டையும் முன்முனை ஒரே பக்கம் இருக்கிற மாதிரிதான் படுக்கவைப்போம். அப்போ ரெண்டு ஸ்கேட்டுக்கும் இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ. இடது ஸ்கேட்டுக்கு இடப்பக்கம்னா வெளி ஓரம், வலது ஸ்கேட்டுக்கு இடப்பக்கம்னா உள் ஓரம். நடு பிசகினா ஒரு காலுக்கு உள் ஓரம் தாழும், மறு காலுக்கு உள் ஓரம் உயரும். நீங்க சொல்ற அறிகுறி அப்படியே.

அரை மி.மீ. சின்னது மாதிரி தோணும். 1/2 ஹாலோவுல கணக்குப் போட்டா ரெண்டு ஓரத்துக்கும் நடுவுல உயர வித்தியாசம் 0.16 மி.மீ. பள்ளத்தோட மொத்த ஆழமே அவ்வளவுதான். தாழ்ந்த ஓரத்துல சரிவு 6.8 பாகை, உயர்ந்த ஓரத்துல 11.4. அதாவது உங்க வலது கால் 0.67 அங்குல ஹாலோவுலயும் இடது கால் 0.40 அங்குல ஹாலோவுலயும் ஆடிக்கிட்டிருக்கு. 3/8 போட்டா ரெண்டும் சேர்ந்து கூர்மையாகும், வித்தியாசம் அப்படியே நிற்கும். இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

சோதிக்கிறது சுலபம். ஸ்கேட்டைத் தலைகீழாப் பிடிச்சு, வளையாத 10 செ.மீ. நீளப் பட்டை எதையாவது, சின்ன இரும்பு அளவுகோலாவது, ரெண்டு ஓரத்து மேலயும் குறுக்கா வைங்க. குதிகால் பக்கமிருந்து ஒரு கண்ணால பாருங்க. பிளேடோட பக்கத்துக்கு அது செங்குத்தா இருக்கணும். நான் சொல்றது சரின்னா பட்டையோட ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 4 மி.மீ. ஏற்ற இறக்கம் தெரியும். முன்னாடி, நடு, பின்னாடி மூணு இடத்துலயும் பாருங்க. மூணு இடத்துலயும் ஒரே சாய்வுன்னா மிஷின் நடு. இடத்துக்கு இடம் மாறுதுன்னா பிளேடு வளைஞ்சிருக்கு, இல்ல ஜிக்ல சரியா உட்காரல.

#21 சாணைமுனி
மிஷினை அமைக்கத் தெரியாதவர்களிடம் ஸ்கேட்டைக் கொடுத்துவிட்டு இங்கே வந்து ஹாலோ கேட்கிறார்கள். இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

#22 பட்டாம்பூச்சி_60
நீங்க சொன்னது 1 அங்குலம் போடச் சொல்லி. மேடை கோணல்னீங்க, இங்க பிளேடே கோணல்.

#23 பேட்_கழற்றாதவன்
வெச்சுப் பார்த்தேன். வலதுல உள் ஓரம் தாழ்வு, இடதுல வெளி ஓரம் தாழ்வு. மூணு இடத்துலயும் கிட்டத்தட்ட 4 மி.மீ. இப்போ என்ன பண்றது?

#24 வைரமுனை
நடு வெச்சுட்டு மறுபடி 1/2. ஹாலோவைத் தொடாதீங்க, ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எது சரிபண்ணிச்சுன்னு தெரியாது.

வைரத்தால கல்லைப் புதுசா சீவிக்கச் சொல்லுங்க. பிளேடோட அடியை மார்க்கர் பேனாவால முழுக்கக் கறுப்பாக்குங்க, ஆனா உங்க பழைய பிளேடுல இல்லாம ஒதுக்கிப்போட்ட 4 மி.மீ. ஸ்டீல் இருந்தா அதுல செய்யிறது மேல். ஏற்கெனவே கோணலா இருக்கிற பள்ளத்துல கல் முதல்ல உயர்ந்த ஓரத்தைத்தான் தொடும், அதை வெச்சு நடு பார்க்க முடியாது. தட்டையான ஸ்டீல்ல ஒரே ஒரு தடவை லேசா தொட்டா மெல்லிய கோடு விழும். ரெண்டு பக்கமும் கறுப்பு சமமா மிஞ்சற வரைக்கும் ஜிக்கோட உயரத் திருகைத் திருப்பணும்.

அப்புறம் உங்க பிளேடு. உயர்ந்த ஓரத்துல 0.16 மி.மீ. போயாகணும், அதனால வழக்கமான மூணு நாலு ஓட்டு பத்தாது. பத்துக்கு மேலயும் போகலாம். அழுத்தக் கூடாது, அழுத்தினா ஸ்டீல் நீலம் பாயும், பாய்ஞ்ச இடம் மெத்துப்போய் ஓரம் நிக்காது. மார்க்கர் மறுபடி பூசிக்கிட்டே ஓட்டணும். தாழ்ந்த ஓரம் வரைக்கும் கறுப்பு முழுசா போனாத்தான் பள்ளம் முடிஞ்சதுன்னு அர்த்தம். முன்முனையிலயும் குதிகாலிலயும் நிறுத்தி நிறுத்தித் தேய்க்க விடாதீங்க. கோலி பிளேடு 28, 30 அடி வட்டத்துல கிட்டத்தட்ட தட்டையா இருக்கும், அந்த நீளம் போச்சுன்னா திரும்பக் கொண்டுவர நிறைய ஸ்டீல் போகும்.

கடைசியா பிசிர். நயமான கல்லை பிளேடோட பக்கத்துல படுக்கவைச்சு ரெண்டு மூணு இழுப்பு, சாய்க்காம. சாய்ச்சா இவ்வளவு நேரம் தீட்டின ஓரம் போச்சு. கவுலிங் குறுக்கே வந்தா சின்னக் கல்லா எடுங்க. அப்புறம் மறுபடி பட்டையை வெச்சுப் பாருங்க, வீட்டுக்குப் போய் இல்ல, மிஷின் பக்கத்துலயே.

#25 கம்பத்துக்காரன்
வைரமுனை அண்ணா, பிசிர் எடுக்காம விட்டா முதல் பத்து நிமிஷம் நல்லாப் பிடிச்சுட்டு அப்புறம் வழுக்குமே, அது ஏன்?

#26 வைரமுனை
பிசிர் ஓரத்துக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கிற மெல்லிய தகடு. தொட்டா கூர்மையா இருக்கும், ஐஸ்ல பட்டதும் மடங்கி ஓரத்தையே மூடிடும்.

#27 ஐஸ்_மட்டம்
உள்_ஓரம், அந்த ஆழம்-கோணம் கணக்கு இன்னும் முடியல. வைரமுனையும் கோணத்தை வெச்சுத்தான் சொல்லியிருக்கார், கவனிச்சீங்களா?

#28 உள்_ஓரம்
ஆழத்தையும் சொல்லியிருக்கார். #20-ஐ மறுபடி படிங்க.

#29 பேட்_கழற்றாதவன்
திரும்பச் சாணை பிடிச்சாச்சு, பட்டை நேரா நிக்குது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தள்ளுது. நன்றி வைரமுனை அண்ணா.

#30 உள்_ஓரம்
நல்லது. மிஷின்ல திருகு எத்தனை சுத்து நகர்த்தினாங்கன்னு குறிச்சு வெச்சீங்களா? அடுத்து யாராவது 3 மி.மீ. ஓட்டிட்டா உங்களுக்கு மறுபடி இதே கதை.

#31 கம்பத்துக்காரன்
மேட்ச் என்னாச்சு ப்ரோ?