போர்ட்டல் 2: இருவர் ஆட்டத்தில் திரை பிரியவில்லை

தங்கையுடன் ஒரே திரையில் போர்ட்டல் 2 புதிர் கேமை ஆட முடியவில்லை. தனியாள் கதையில் கன்ட்ரோலர் நன்றாக இயங்குகிறது. இருவர் ஆட்டத்துக்குப் போய், திரையைப் பிரிக்கும் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை.

விண்டோஸ் 11 லேப்டாப், ஸ்டீம் கேம் தளத்தில் வாங்கிய பதிப்பு, யூஎஸ்பி கன்ட்ரோலர். போன மாதம் பழைய கன்ட்ரோலரில் ஆடினோம். புதியது வாங்கிய பிறகே இப்படி.

யூஎஸ்பி போர்ட்டை மாற்றினேன், கேம் கோப்புகளைச் சரிபார்த்தேன், ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பான ஸ்டீம் இன்புட்டை அணைத்தும் இயக்கியும் பார்த்துவிட்டேன்.

பல இரண்டாம் பாகங்களில் மல்டிபிளேயர் ஒப்புக்குத்தான் இருக்கும். 2011இல் வந்த இதிலோ அட்லஸ், பி-பாடி ரோபோக்களுக்கென்றே தனிக் கதை. ஓரிடத்தில் நுழைந்து இன்னோரிடத்தில் வெளிவரும் வாசல்கள் நான்கைத் திறந்து இருவரும் சேர்ந்து அவிழ்க்கும் புதிர்கள். விட மனம் வரவில்லை.

இந்தக் கன்ட்ரோலரை இரண்டாவது ஆட்டக்காரருடையதாக ஏற்கவைக்க எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?