ஹீமோகுளோபினில் யார் யாரைத் தொடுகிறார்கள்: நீலகிரியிலிருந்து சில அனுபவங்கள்

ஊட்டியிலிருந்து, பார்மசி ஆசிரியர்:

புரத அமைப்பில் எந்த அமினோ அமிலம் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் பார்த்த அனுபவத்தை எழுதச் சொல்லியிருந்தீர்கள். என் அனுபவம் முழுக்க ஒரே புரதத்தைச் சுற்றித்தான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின். அதற்குக் காரணம் இந்த மலைதான். 1952ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபுக்கூறு (ரத்தச் சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் பரம்பரை மாற்றம்) இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் அந்த மரபுக்கூறு பற்றிய முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கும்போது, பாடப் புத்தகத்தில் இருக்கும் ஏதோ ஒரு நொதியை எடுத்து நடத்த எனக்கு மனம் வரவில்லை.

எடுத்துக்கொண்டது புரத அமைப்புகளின் பொதுத் தரவு வங்கியில் 2ஹெச்பிஎஸ் என்ற பெயரில் இருக்கும் கோப்பு; எந்த அணு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் அது. 1997ல் வெளிவந்த, ஆக்சிஜன் நீங்கிய அரிவாள் செல் ஹீமோகுளோபினின் படிக அமைப்பு. 2.05 ஆங்ஸ்ட்ராம் துல்லியம் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம்). அதில் இரண்டு முழு மூலக்கூறுகள் இருக்கின்றன, மூலக்கூறுக்கு இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா என்று ஏ முதல் ஹெச் வரை எட்டு அமினோ அமிலச் சங்கிலிகள்.

மாணவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? ஆல்ஃபா கார்பன்களுக்கு (ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் நடுவில் இருக்கும் கார்பன் அணு) இடையே 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை என்று வரம்பு வைத்து ஓட்டுவார்கள். பட்டியல் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். அதில் பெரும்பகுதி சங்கிலியில் அடுத்தடுத்து இருப்பவை. 20ம் 21ம் பக்கத்தில் இருப்பதில் நமக்கு என்ன செய்தி? அதனால் வரிசையில் மூன்று நான்கு இடத்துக்குள் இருப்பவற்றை முதலில் கழித்துவிடச் சொல்வேன். மிஞ்சுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆல்ஃபா கார்பனை மட்டும் அளந்தால் பக்கச் சங்கிலி (அமினோ அமிலத்திலிருந்து வெளியே நீட்டியிருக்கும் பகுதி) எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாது. எஸ்டேட் லைன் வீடுகளில் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் வாசலில் சந்தித்துக்கொள்வதே இல்லை, அது மாதிரி. தொடுகை என்று சொல்ல வேண்டுமென்றால் இரண்டு அமினோ அமிலங்களிலும் ஹைட்ரஜன் தவிர்த்த அணுக்களில் ஏதாவது ஒரு ஜோடி 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஹைட்ரஜனை ஏன் விடுகிறோம் என்றால், இந்தத் துல்லியத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

இந்த இடத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் பெயரைச் சொல்லாமல் நான் நகர்வதில்லை. 1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் போட்ட ராமச்சந்திரன் வரைபடமே, இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கணக்கிலிருந்து பிறந்ததுதான். தொடுகை என்ற யோசனை நம் ஊரில் நன்றாக வேரோடியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான நிரல்கள் ஒரு சங்கிலிக்குள்ளே மட்டும்தான் தேடும். அப்படித் தேடினால் அரிவாள் செல் நோயைப் பற்றி ஒன்றுமே கிடைக்காது. பீட்டா சங்கிலியின் 6வது இடத்தில் குளூட்டமிக் அமிலம் போய் வாலின் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வாலின் தன் மூலக்கூறுக்குள் பெரிதாக எதையும் கெடுப்பதில்லை. ஒரு மூலக்கூறை விட்டு அடுத்த மூலக்கூறுக்குத் தேடலை நீட்டினால்தான் அந்த ஒரு வரி வரும்: இந்த மூலக்கூறின் வாலின் 6, அந்த மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் ஃபினைல்அலனின் 85, லியூசின் 88. திரையில் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். வாலினின் இரண்டு மெத்தில் முனைகளும் ஃபினைல்அலனினும் லியூசினும் அமைக்கும் எண்ணெய்த் தன்மையுள்ள குழியில் அப்படியே அமர்ந்திருக்கும். இப்படித்தான் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இழையாகின்றன. அங்கே குளூட்டமிக் அமிலம் இருந்திருந்தால் அதன் மின்சுமை அந்தக் குழிக்குள் போகவே ஒத்துக்கொள்ளாது. ஒரு நோயின் வேர் இவ்வளவு சிறிய இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மரபணு அறிக்கைகளில் இதையே 7வது இடம் என்று எழுதியிருப்பார்கள். தொடக்க மெத்தியோனினைச் சேர்த்து எண்ணும் முறை அது. கோப்பில் 7ஐத் தேடினால் அங்கே வேறொரு குளூட்டமிக் அமிலம் உட்கார்ந்திருக்கும்.

கூடலூரிலிருந்து, ஆய்வகப் பணியாளர்:

சார் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கண்ணாடிக் குழாய்தான் ஞாபகம் வந்தது. நான் கணினியில் எதையும் அளந்தவள் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அந்தத் தொடுகையைக் கண்ணால் பார்க்கிறவள்.

பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் குடியிருப்புகளுக்கு முகாம் போகும்போது கரைதிறன் சோதனை செய்வோம். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கரைசலில் விடுவோம். அதில் சிவப்பணுவை உடைக்கும் மருந்தும், ஆக்சிஜனை உருவியெடுக்கும் டைதயோனைட்டும் இருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்து, கறுப்புக் கோடு போட்ட அட்டையைக் குழாய்க்குப் பின்னால் பிடிப்போம். கோடு பளிச்சென்று தெரிந்தால் நல்லது. கரைசல் கலங்கி, கோடு மறைந்துவிட்டால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஒரு வாலின் போய்க் குழியில் உட்கார்ந்ததுதான் இந்தக் கலங்கல் என்று எனக்கு இத்தனை நாள் யாரும் சொன்னதில்லை.

கலங்கினாலே நோயாளி என்று அர்த்தம் இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மரபணு மட்டும் மாறியிருக்கிறவர்களுக்கும் கலங்கும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸ் அல்லது ஹெச்பிஎல்சி சோதனை செய்துதான் முடிவு சொல்ல வேண்டும். முகாமிலேயே "உனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர்களால் கல்யாணப் பேச்சு நின்றுபோன வீடு எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "இது ஒட்டிக்குற வியாதியா சிஸ்டர்?" என்று கேட்டார். இல்லை அம்மா என்று எத்தனை முறை சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. 2023 ஜூலையில் தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கிய பிறகு பரிசோதனை பரவலாகியிருக்கிறது, அது நல்ல விஷயம். விளக்கிச் சொல்லும் ஆள் எண்ணிக்கையும் அதோடு சேர்ந்து கூட வேண்டும்.

குளிர் காலத்தில் வலி அதிகமாகி வருகிறவர்களிடம் நாங்கள் சொல்வது: ஸ்வெட்டர் போடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். தண்ணீருக்கும் இந்தத் தொடுகைக்கும் என்ன சம்பந்தம் சார்? அப்புறம், ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தச் சோதனையை நம்ப முடியாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். அதன் காரணத்தையும் யாராவது சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து, உயிரித்தகவலியல் மாணவன்:

அக்கா, குழந்தை பற்றிய கேள்விக்கு நான் சொல்கிறேன். என் புராஜெக்ட்டே அதுதான்.

பிறந்த குழந்தையிடம் பீட்டா சங்கிலிக்குப் பதில் பெரும்பாலும் காமா சங்கிலிதான் இருக்கும். அதில் 6வது இட மாற்றம் இல்லை, அதனால் கலங்கல் சரியாக வராது, நோயின் அறிகுறியும் தெரியாது. மாதங்கள் போகப் போக பீட்டா ஏறும்போதுதான் வெளியே வரும்.

ஆனால் அது பாதிக் கதைதான். காமா வெறுமனே விலகி நிற்பதில்லை, குறுக்கே நின்று தடுக்கிறது. பயோபைத்தான் என்ற நிரல் தொகுப்பில், பக்கத்து அணுக்களைத் தேடித்தரும் நெய்பர்சர்ச் வைத்து இரண்டு மூலக்கூறும் உரசும் இடத்தில் இருக்கும் எல்லா அமினோ அமிலங்களையும் எடுத்தேன். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பீட்டா, காமா வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். 87வது இடம் கண்ணில் பட்டது. லியூசின் 88க்கு நேர் முன்னால். பீட்டாவில் அங்கே திரியோனின், காமாவில் அதைவிட நீளமான குளூட்டமின். அந்தக் கை நீண்டு பக்கவாட்டுத் தொடுகைக்கு, அதாவது வாலின் 6 பக்கத்து மூலக்கூறின் குழியில் அமர்வதற்கு, இடைஞ்சல் செய்கிறது. அரிவாள் செல் நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, காமா சங்கிலி உள்ள கருப்பருவ ஹீமோகுளோபினைக் கூட்டித்தான் உதவுகிறது என்று மருந்தியலில் படித்திருந்தேன். அது அணு அளவில் என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. மழையில் கரண்ட் போய்விட்டது, லேப்டாப் பேட்டரி தீரும் வரை அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார், ஒரு மூலக்கூறில் பீட்டா சங்கிலி இரண்டு, அப்படியென்றால் வாலின் 6ம் இரண்டு. ஆனால் பக்கவாட்டுத் தொடுகையில் ஒன்றுதான் குழிக்குள் போகிறது. இது எல்லா இழையிலும் இப்படித்தானா?

ஊட்டியிலிருந்து, பார்மசி ஆசிரியர்:

ஆமாம் தம்பி, அப்படித்தான். இரண்டு இழைகள் பக்கவாட்டில் ஒட்டிய இரட்டை இழையில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு வாலினைத்தான் பக்கவாட்டுத் தொடுகைக்குக் கொடுக்கிறது. இப்படிப்பட்ட ஏழு இரட்டை இழைகள் சேர்ந்து முறுக்கிக்கொண்டதுதான் செல்லை அரிவாளாக வளைக்கும் அந்த நார். கோப்பில் இருப்பது இரண்டு மூலக்கூறு மட்டும். இழை நீள்வதைப் பார்க்கப் படிகத்தின் அண்டை மூலக்கூறுகளையும் உருவாக்கிக்கொள். மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் பைமால் மென்பொருளில் அதற்குத் தனிக் கட்டளையே இருக்கிறது.

சகோதரி கேட்ட தண்ணீர் விஷயம். உடம்பில் நீர் குறைந்தால் சிவப்பணுவுக்குள்ளும் நீர் குறையும், ஹீமோகுளோபின் அடர்த்தி ஏறும். இந்த மூலக்கூறுகள் சேரத் தொடங்குவதற்கு ஒரு தாமத நேரம் உண்டு. அடர்த்தி லேசாகக் கூடினாலே அந்த நேரம் பல மடங்கு சுருங்கிவிடும். ரத்தம் திசுக்களில் ஆக்சிஜனை இறக்கிவிட்டு நுரையீரலுக்குத் திரும்பும் முன் மூலக்கூறுகள் சேர்ந்துவிட்டால் அடைப்பு, வலி. தண்ணீர் குடித்தால் அந்த நேரம் நீள்கிறது. நீங்கள் முகாமில் சொல்லும் ஆலோசனை முழுக்கச் சரி. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ஓட்டம் மெதுவாகும், அதனால் ஸ்வெட்டரும் சரி.

ஆக்சிஜன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் தொடுகைப் பட்டியலே காட்டும். ஆக்சிஜன் வந்து ஒட்டும் இரும்பு அணுவைப் பீட்டா சங்கிலியில் பிடித்திருப்பது ஹிஸ்டிடின் 92. குழியில் இருக்கும் லியூசின் 88 சங்கிலி சுருண்டிருக்கும் அதே சுருளில் நான்கு இடம் முன்னால், ஏறக்குறைய ஒரு சுற்று. ஆக்சிஜன் வந்து இரும்பு நகர்ந்தால் சுருளும் நகரும், குழியின் வடிவம் மாறும், வாலினுக்கு அங்கே இடம் சரியாக அமையாது. நுரையீரலில் நார் கலைவது அதனால்தான்.

தம்பி இதை ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் 1ஹெச்ஹெச்ஓ கோப்பை எடு. ஆக்சிஜன் ஏறிய சாதாரண மனித ஹீமோகுளோபின். ஆனால் அந்தக் கோப்பில் ஒரு ஆல்ஃபா, ஒரு பீட்டா மட்டும்தான் இருக்கும், பாதி மூலக்கூறு. முழு அமைப்பை உருவாக்கிவிட்டு அப்புறம் நிரலை ஓட்டு.