ஞானப்பல் குழியும் மாட்டு எலும்புத் தூளும்: கரையுமா, கரையாதா?

பல்லவன்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: ‘ஞானப்பல் பிடுங்கிய குழியில் எலும்புத் தூள் வைக்காவிட்டால் தாடை உளுத்துவிடும். மாட்டு எலும்புத் தூள் வைத்தால் ஆறே மாதத்தில் கரைந்து நம் எலும்பாகிவிடும்.’ படித்ததும் எனக்குப் பல் கூசியது. மாட்டு எலும்பில் புரதத்தையெல்லாம் நீக்கிவிட்டு மிச்சமிருக்கும் தாதுதான் அந்தத் தூள். அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நாலு வருஷம் ஆகியும் என் எக்ஸ்ரேயில் ரவை சிந்தியது போலத் தெரிகிறது. கரையாது.

நெல்லை ராசா: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். எனக்கு வைத்தது கரைந்துவிட்டது. எக்ஸ்ரேயில் குழியே இல்லை. கரையாவிட்டால் எங்கே போனது, நான் முழுங்கிவிட்டேனா?

பல்லவன்: எந்தத் தூள் என்று பில்லில் பார்த்தீர்களா? செயற்கையாகச் செய்யும் ட்ரைகால்சியம் பாஸ்பேட் தூள் என்றால் சில மாதங்களில் கரையத் தொடங்கும். மாட்டு எலும்பு கரையாது. கோலமாவும் வெள்ளை, அரிசிமாவும் வெள்ளை.

நெல்லை ராசா: பில்லெல்லாம் தூக்கிப் போட்டாயிற்று. கரைந்தது கரைந்ததுதான்.

சேலம் சிவகாமி: ஒரு நிமிஷம், மாட்டு எலும்பா? முட்டைகூடத் தொடாத என் மாமியாருக்குப் போன வருஷம் இதை வைத்தார்கள். பில்லில் ‘போவைன்’ என்று இருக்கிறது. ஏதோ கம்பெனி பெயர் என்று நினைத்தேன், மாடு என்று அர்த்தமா!

குமார் 77: சொந்த ரத்தத்தையே சுழற்றி எடுத்து வைக்கும் பி.ஆர்.எஃப் இருக்கிறதே அக்கா. 2001இல் பிரான்ஸில் ஷுக்ரூன் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. மாடும் இல்லை, ஆடும் இல்லை.

பல்லவன்: அது ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற புரதத்தின் வலை, எலும்பு இல்லை. நாம் பேசுவது தூளைப் பற்றி. அப்புறம், பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே வேண்டாம். உறைந்த ரத்தம் குழியில் கலையாமல் உட்கார்ந்தால் போதும், சில மாதங்களில் எலும்பு தானாகக் கட்டிவிடும். பக்கத்துப் பல்லின் பின்புறம் எலும்பு அரித்திருந்தால் தூளைப் பற்றி யோசிக்கலாம். நம் ராசா பல் பிடுங்கிய மறுநாளே சிகரெட் பிடித்து, குழியில் உறைந்த ரத்தம் கலைந்து வலிக்கும் டிரை சாக்கெட் வந்து அலறியதை ரூட் கேனால் விவாதத்தில் அவரே எழுதினார்.

நெல்லை ராசா: அந்த விவாதத்தில் நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது இன்னும் பாக்கி.

மயிலை மாமா: முதலில் ஞானப்பல் என்று எழுதுவதை நிறுத்துங்கள். கடைவாய்ப்பல். ஞானம் வந்தவர் யாரையும் இங்கே காணோம்.

பல்லவன்: கடைவாய்ப்பல் மேலும் கீழும் பக்கத்துக்கு மூன்று மூன்று, ஞானப்பல் அதில் கடைசி, மாமா. எதைப் பிடுங்குவது?

நெல்லை ராசா: நாளைக்கு என் எக்ஸ்ரேயைப் போடுகிறேன், எல்லாரும் பாருங்கள்.

பல்லவன்: பல் பிடுங்கியபோது எடுத்ததையும் சேர்த்துப் போடுங்கள். போன தடவை மாதிரி டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்த படம் வேண்டாம்.

சேலம் சிவகாமி: மாமியாரிடம் சொல்வதா, வேண்டாமா? யாராவது பதில் சொல்லுங்களேன்!

நெல்லை ராசா: சொல்லாதீர்கள் அக்கா. இந்நேரம் கரைந்திருக்கும்.

பல்லவன்: கரையாது.