பார்க்கர் 51 சாயலில் மலிவான மைப்பேனை எங்கே வாங்கலாம்?

உறவுகளுக்கு வணக்கம். அப்பப்பா விட்டுச்சென்ற பார்க்கர் 51 ஒன்று என்னிடம் இருக்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு இறுகிப்போய் மை ஏறுவதில்லை. அதைத் திருத்துவது பிறகு. இப்போதைக்கு, அதே அமைப்பில் நாளாந்தம் எழுதக்கூடிய ஒரு பேனை வேண்டும்.

1941இல் வந்த அந்தப் பேனையின் அழகே, நிப் முழுவதும் கூட்டுக்குள் மறைந்து நுனி மட்டும் எட்டிப்பார்ப்பதுதான். 2021இல் பார்க்கரே மறுபடி வெளியிட்டது. ஆனால் மூடியைத் திருகிக் கழற்ற வேண்டும், மையும் கன்வேர்ட்டரில்தான் (கழற்றி மாட்டும் சிறு மைக்குழாய்). பழையதில் மூடியை இழுத்தாலே போதும். விலையும் என் சம்பளத்துக்கு ஒத்துவராது.

ஆகவே சீனத் தயாரிப்புகளைப் பார்க்கிறேன். ஹீரோ 616 மலிவு. மைக்குழாயை அமுக்கி நிரப்புவது. அதற்கே போலிகள் மலிந்துவிட்டன என்பதுதான் வேடிக்கை, நகலுக்கும் நகல்! மனம் சாய்வது விங் சங் 601 பக்கம். பின்மூடியைக் கழற்றிக் குமிழை அழுத்தி அழுத்தி மை ஏற்றும் பழைய முறை அதில் இருக்கிறது.

இவற்றை மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ கடையில் கண்டவர்கள் உண்டா? எழுதிப் பார்த்து வாங்கவே விருப்பம். இணையத்தில் எடுத்தவர்கள், கையில் சேரும்போது மொத்தம் எவ்வளவு ரூபா ஆனது என்று சொல்லுங்கள். 601 பாவிப்பவர்கள் இருந்தால், மை கசிகிறதா? சீ.ஆர். கொப்பித் தாளில் ஊறிப் பரவுகிறதா? ஒரு வரி எழுதியதைப் படம் எடுத்துப் போட்டால் பேருதவி.