எபாக்ஸி பெயின்ட் சொற்களுக்குப் பட்டறைத் தமிழ் வேண்டும்

வணக்கம். குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரி இரும்புச் சட்டங்களுக்கு எபாக்ஸி அடிக்கும் பெயின்டர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. சில சொற்கள் இடிக்கின்றன.

முதலாவது 'டியூ பாயின்ட்', அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. 'பனிநிலை' என்று போட்டால் நீலகிரியில் ஜனவரி உறைபனிதான் ஞாபகம் வரும். விஷயமோ வேறு: காற்று 12 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் டியூ பாயின்ட் சுமார் 10.4. இரும்பு அதைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். இரும்பும் அதே 12-இல் இருந்தால் அன்று பிரஷ்ஷைத் தொடக்கூடாது. ஈரம் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் வம்பு.

அடுத்தது 'அமீன் பிளஷ்'. குளிரில், ஹார்டனரில் (எபாக்ஸியை இறுக வைக்கக் கலக்கும் பாகம்) உள்ள அமீன் என்ற ரசாயனம், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகுபோல் படிவது. வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவாமல் அடுத்த கோட் அடித்தால் உரியும். தின்னர் துணி அதைப் பரப்பத்தான் செய்யும். 'வெளுப்பு' என்றால் வெயிலில் மாவாக உதிரும் சாக்கிங்கோடு குழம்புகிறது. 'பிசுக்கு' சரியா?

'ஈரக் கனம்', 'காய்ந்த கனம்' எல்லோருக்கும் புரிகிறது. காய்ந்து 125 மைக்ரான் நிற்க, வால்யூம் சாலிட்ஸ் (பெயின்டின் கன அளவில் காய்ந்தபின் மிஞ்சும் பங்கு) 60 சதவீதம் என்றால் ஈரத்தில் 208. 10 சதவீதம் தின்னர் சேர்த்தால் 229.

'பாட் லைஃப்' (கலந்த பெயின்டை அடிக்க முடிகிற நேரம்), 'ரீகோட் இடைவெளி' (அடுத்த கோட்டுக்கு முன் விட வேண்டிய நேரம்) இரண்டுக்கும் உங்கள் சைட்டில் என்ன சொல்கிறார்கள்? ஊட்டி, கொடைக்கானல் பெயின்டர்கள் வாயில் புழங்கும் சொல்லாக இருந்தால் நல்லது.