பயணத்தில் பார்த்த பின்னல் கைகள்: மறக்க முடியாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

நூல்கண்டு (சென்னை):

ஆந்திராவில் லேஸ் பின்னலுக்குப் பெயர்போன நரசாப்பூர் போய் வந்து நான்கு மாதம் ஆகிறது. குரோஷா (கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் போடும் பின்னல்) ஊசி பிடிப்பவர்களுக்கு அந்த ஊரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பீமவரத்தில் இறங்கியது, பஸ் பிடித்தது எல்லாம் இருக்கட்டும். ஊர் எல்லையில் ஒரு தெரு. திண்ணையில் உட்கார்ந்து ஓர் அம்மா நூலில் பூ போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைப் பருத்தி நூல். ஊசியின் கொக்கி கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நான் எட்டு செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு வட்டமாக்குவதற்குள் அவர் ஒரு பூவை முடித்து, நூலை வெட்டி மடியில் போட்டுவிட்டார். மடியில் ஏற்கெனவே ஐம்பது அறுபது பூக்கள். இதெல்லாம் சேர்ந்து என்னவாகும் என்று அரைகுறைத் தெலுங்கில் கேட்டேன். தெரியாதாம். பூ போடுவது அவர் வேலை. பூக்களை ஒன்றாக இணைக்கிற 'அதுகுபனி' வேறு வீட்டில் நடக்கும். அங்கிருந்து எங்கே போகிறது என்று அவர் பார்த்ததில்லை.

என் போனில் ஒரு மேஜை விரிப்பின் படம் இருந்தது, காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கினார். ஒரு பூவைக் கண்ணருகே கொண்டுபோய் இதழ்களை எண்ணினார். "ஆறு. நாதி காது" என்றார். தன்னுடையது இல்லையாம். அவருடைய பூவுக்கு எட்டு இதழ்.

மறுநாள் ஊருக்குள் ஒரு கடையில் எட்டிதழ்ப் பூ வைத்த விரிப்பு கிடைத்தது, வாங்கிவிட்டேன். அதை எடுத்துப்போய் அவரிடம் காட்டியிருக்கலாம். ஆட்டோவில் பத்து நிமிட வழி. ரயிலுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன். விரிப்பு இன்னும் பையிலேயே மடித்தபடி இருக்கிறது.

அம்மம்மாவின் பேரன் (டொரொண்டோ):

நான் ஆண். பின்னுவேன். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் அம்மம்மா பழக்கினது. இங்கே பேருந்தில் பின்னினால் ஆட்கள் பார்ப்பார்கள், அதனால் வீட்டோடு சரி.

பெருவில் டிட்டிகாகா ஏரிக்குள் தாக்கீலே என்று ஒரு தீவு. அங்கே தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை, பெண்கள் நெய்வார்கள். யுனெஸ்கோ 2005இல் அந்தத் தீவின் நெசவுக்கலையை அங்கீகரித்தது. படித்திருந்தேன், ஆனால் படித்தது வேறு. படகை விட்டு இறங்கி, கல் படிகளில் மூச்சு வாங்க ஏறினால் (3,800 மீட்டருக்கு மேல் உயரம்), எதிரே ஒருவர் இடுப்பில் நூல் பையோடு பின்னிக்கொண்டே இறங்கி வருகிறார். நின்றுவிட்டேன்.

மேலே சதுக்கத்தில் என் பின்னலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிழவர் ஒருவர் வந்து கையிலிருந்து அதை வாங்கினார். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் நூலை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் போட்டார். அவர்கள் நூலை விரலில் சுற்றுவதில்லை. கழுத்தைச் சுற்றிவரும் நூல்தான் இழுவையைப் பார்த்துக்கொள்கிறது, கட்டை விரல் தள்ளிக் கொடுக்கிறது. பின்னலின் உள்பக்கம் தங்களைப் பார்த்திருக்கச் சுற்றிச் சுற்றிப் பின்னுகிறார்கள். ஊசிகள் சைக்கிள் கம்பி மாதிரி மெல்லியவை.

என் தலையைக் காட்டி ஏதோ கேட்டார். புரியவில்லை. வழிகாட்டிப் பையன் சொன்னான்: முழுச் சிவப்புத் தொப்பி கல்யாணமானவர்களுக்கு, மேல் பாதி வெள்ளை என்றால் ஆகாதவர்களுக்கு. நான் மோதிரத்தைக் காட்டினேன். பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்துக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். காசு கொடுக்க ஓடினேன். படகுக்காரர் கூப்பிட்டுவிட்டார்.

கழுத்தில் அந்த நூல் உரசினது இன்னும் தெரிகிறது. இப்போது நான் பேருந்தில் பின்னுகிறேன்.

பாலக்கொல்லு மருமகள்:

நூல்கண்டு அக்கா, கோபப்படாதீர்கள், ஒன்று கேட்கிறேன். அந்த அம்மாவுக்கு விரிப்பின் படத்தைக் காட்டினீர்கள், சரி. விலையைச் சொன்னீர்களா?

என் மாமியார் நரசாப்பூருக்குப் பக்கத்தில் பாலக்கொல்லுக்காரர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஊசி பிடித்த கை. 19ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் குடும்பங்கள் கொண்டுவந்து பழக்கிய வேலை இது. பிறகு வியாபாரிகள் கைக்குப் போனது. நூலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், முடித்த பூவை எடுத்துப் போவார்கள், கண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. அடுப்பு, பிள்ளை, மாடு எல்லாம் பார்த்துக்கொண்டு நாள் முழுக்கப் போட்டாலும் 'சும்மா வீட்டில் இருக்கிறவள்' என்றுதான் சொல்வார்கள். 2024இல் நரசாப்பூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று நான் சந்தோஷமாகச் சொன்னபோது மாமியார், "கண்டுக்கு எவ்வளவு ஏற்றினார்கள்?" என்று கேட்டார். பதில் இல்லை.

போகிறவர்கள் தெருவில் பெண்கள் சேர்ந்து விற்கிற இடமாகத் தேடி வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். பூவை மட்டும் தனியாகக் கேட்டாலும் தருவார்கள். ஊருக்கு வந்து நீங்களே இணைத்துக்கொள்ளலாம், காசு நேராகப் பின்னியவர் கைக்குப் போகும்.

மூன்றாம் வரிசை:

விமான நிலையச் சோதனையில் என் ஊசியைப் பிடுங்கிவிட்டார்கள். எந்த ஊர் என்பது வேண்டாம். மூங்கில் ஊசிதான். அதில் ஸ்வெட்டரின் முதுகுப் பகுதி, 140 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்). உருவினால் இரண்டு வார வேலை போச்சு. அழுகை வந்துவிட்டது. சோதனை மேஜையில் இருந்த பெண் ஐந்து நிமிடம் கொடுத்தார். தையல் ஊசியும் கிடையாது, நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்கி, கண்ணி கண்ணியாக ஏற்றினேன். பின்னால் வரிசை நீள்கிறது. அந்தப் பெண் எழுந்து வந்து துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். முடித்து முடிச்சுப் போட்டதும் விரலால் தொட்டு, "இங்கே இரண்டு விட்டுப்போச்சு" என்றார்.

பார்த்தேன். இரண்டு கண்ணி கீழ் வரிசைக்கு நழுவியிருந்தது. தெரியாதவர் கண்ணுக்கு அது படவே படாது. நீங்கள் பின்னுவீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். ஊசியைப் பெட்டியில் போட்டார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார், நான் நகர்ந்துவிட்டேன்.

கம்பளிக்காரி (கோத்தகிரி):

மூன்றாம் வரிசை, இனிமேல் இப்படி ஆகக் கூடாது, கேளுங்கள். அமெரிக்காவில் கைப்பையில் பின்னல் ஊசிக்கு அனுமதி உண்டு. ஆனால் திரும்பி வருகிற ஊரிலும் விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். சோதனையில் நிற்பவர் சொல்வதுதான் முடிவு. நீளமான நேர் ஊசி வேண்டாம், வயரால் இணைத்த குட்டை மர ஊசி எடுங்கள். கிளம்பும் முன் ஒரு வரிசை முழுக்க வேறு நிற மெல்லிய நூலைக் கோத்து விடுங்கள், ஊசி போனாலும் அந்த வரிசைக்குக் கீழே பிரியாது. கழுத்தில் மாட்டுகிற வட்ட நூல் வெட்டியில் உள்ளே பிளேடு இருக்கிறது, அதை அமெரிக்காவில் கைப்பையில் விடமாட்டார்கள். கத்தரியோடு அதையும் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். இதையெல்லாம் விட எளிது, பயணத்துக்குக் குரோஷா எடுத்துப் போங்கள். திறந்திருப்பது ஒரே கண்ணி. ஊசியைப் பிடுங்கினாலும் ஒரு ஊக்கு போதும்.

என் அனுபவம் சின்னது. கின்னௌரில், ராம்பூரிலிருந்து ரெக்காங் பியோ போகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் நான்கு ஊசியில் காலுறை பின்னினார். ஒவ்வொரு வளைவிலும் நான் கம்பியைப் பிடித்தேன், அவர் கையைப் பார்க்கவே இல்லை. காலுறையின் குதிகால் பகுதியை வளைத்துப் பின்னும்போதுகூட ஜன்னலைத்தான் பார்த்தார். சட்லஜ் நதியை நான் பார்க்கவில்லை.

நூல்கண்டு (சென்னை):

மருமகள், கோபமில்லை. விலையைச் சொல்லவில்லை. அந்த அம்மா கேட்டார். தெலுங்கு புரியாத மாதிரி சிரித்துவிட்டேன். நான் முதலில் எழுதாமல் விட்டது அதைத்தான்.

இன்று விரிப்பைப் பிரித்தேன். ஓரத்திலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு பூவுக்கு மட்டும் ஒன்பது இதழ் இருக்கிறது. உங்கள் மாமியாரிடம் காட்ட முடியுமா? படம் அனுப்புகிறேன். தவறி விழுந்ததா, யாராவது வேண்டுமென்றே அப்படிப் போடுவார்களா என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.